நானூறு ரூபாய் பிளாஸ்டிக்கும் நாலு பேர் நக்கலும்

எங்க ஆபீஸ் போட்டோகிராபி குழுவில் ஒரு நண்பர் இருக்கிறார். கேமரா பையைத் திறந்தால் நகைக்கடை மாதிரி இருக்கும். போன வருஷம் என் மேக்ரோ லென்ஸின் மூக்கில் மாட்டியிருந்த ஹுட்டைப் பார்த்து, "என்ன பாஸ், லென்ஸ் வாங்கக் காசு இருக்கு, ஹுட் வாங்க இல்லையா? இது டூப்ளிகேட்டாச்சே"ன்னு கேட்டார். கூட நின்ற மூணு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேற என்ன செய்ய, புனேயில் தமிழில் நக்கலடிக்க ஆள் கிடைப்பதே பெரிய விஷயம் :-)

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கஞ்சத்தனமா, கணக்கா, எது? கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல மாதக் கடைசியில் ஊருக்கும் அனுப்பி, இங்கே வாடகையும் கட்டி, அதற்கு நடுவில் ஒரு கேமராவையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் லென்ஸ். கேனான் ஈஎஃப் 100 மி.மீ. எஃப்/2.8 யூஎஸ்எம் மேக்ரோ. சிவப்பு வளையம் போட்ட 'எல்' வகை இல்லை, அதற்கு முந்தைய சாதா. 2000-ல் வந்தது. இப்போது புதிதாகக் கிடைக்காது, செகண்ட் ஹேண்ட் தான். என்னுடையது மச்சான் கொடுத்தது. சென்னையில் பூச்சி, பூ என்று அலைந்து கொண்டிருந்தவர், கல்யாணம் ஆனதும் மொபைலே போதும் என்று ஞானம் பெற்று, பாதி விலைக்கு என் தலையில் கட்டினார். டப்பா, மூடி, வாரண்டி அட்டை எல்லாம் இருந்தது. ஹுட் மட்டும் இல்லை. தொலைத்துவிட்டாரோ என்று திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. கேனான்காரர்கள் 'எல்' லென்ஸுக்கு மட்டும்தான் ஹுட்டை டப்பாவிலேயே வைப்பார்கள். மற்றவற்றுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்களிலும் அதே கதைதான். ஆர்எஃப் 100 மேக்ரோ 'எல்' வாங்கினால் ஹுட் கூடவே வரும். ஆர்எஃப் 35 எஃப்/1.8 மேக்ரோவுக்கும், ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோவுக்கும் தனியாக வாங்க வேண்டும். நிக்கான் 105 மைக்ரோ, டாம்ரான் 90 வாங்கினவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, டப்பாவிலேயே இருக்கும். கார் விற்றுவிட்டு ஸ்டெப்னிக்குத் தனி பில் போடுகிற மாதிரி எனக்குப் படுகிறது. தங்கமணியிடம் சொன்னால், "நீங்க அந்த லென்ஸையே கம்பெனியில வாங்கலியே, உங்களுக்கு ஏன் கோபம்?" என்கிறார். நியாயம்தான்.

ஒரிஜினல் ஹுட்டின் பெயர் ஈடி-67. எனக்குச் சொன்ன விலை 2,600 ரூபாய். கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் குழாய். நன்றாகச் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கண்ணாடி இல்லை, மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அதன் ஒரே வேலை குறுக்கே நிற்பது.

அந்த வேலை சின்ன வேலை என்று சொல்லவில்லை. படத்துக்குள் வராத இடத்திலிருந்து, பக்கவாட்டில், மேலே இருந்து வெளிச்சம் முன் கண்ணாடியில் விழுகிறது இல்லையா, அது சும்மா போகாது. உள்ளே இருக்கிற கண்ணாடிகளுக்கு நடுவே முட்டி மோதி, படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஒரு வெளுப்பைப் பரப்பிவிடும். கறுப்பு சாம்பலாகும், பச்சை வெளிறும். கம்ப்யூட்டரில் கொஞ்சம் சரி செய்யலாம், ஆனால் நிழல் பகுதியில் தொலைந்ததை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. பூ, பூச்சி எடுப்பவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. பின்னால் இருந்து வெயில் அடித்தால்தானே இதழில் நரம்பு தெரியும், இறக்கையில் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். வெயிலைப் பார்த்து லென்ஸைத் திருப்புவது எங்களுக்குப் பிழைப்பு.

ஆனால் வெளிச்சத்தை மறைக்க எந்தக் கறுப்புக் குழாயும் போதும். வெளிச்சம் பிராண்ட் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. இதுதான் என் கட்சி. குழாய் லென்ஸில் ஒழுங்காக உட்கார வேண்டும், உள்பக்கம் பளபளக்கக் கூடாது, மூலையை மறைக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மிச்ச 2,200 ரூபாய் பெயருக்குக் கொடுக்கிற காசு.

சொல்வது எளிது. இந்த ஞானத்துக்கு நான் கொடுத்த ஃபீஸையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆன்லைனில் 'கேனான் மேக்ரோ ஹுட் 67' என்று போட்டிருந்ததை 380 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது. மாட்டவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஈடி-67பி என்று பொடி எழுத்து. அந்த 'பி' ஒட்டிக்கொண்டால் அது ஈஎஃப்-எஸ் 60 மேக்ரோவுக்கானது, என் லென்ஸுக்கு ஆகாது. ஒரு எழுத்துதான் வித்தியாசம், விற்றவர் அதைத் தலைப்பில் போடவில்லை. இன்னொரு குழப்பம், 67 என்றதும் பலர் ஃபில்டர் சைஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த லென்ஸின் ஃபில்டர் அளவு 58 மி.மீ. 67 என்பது ஹுட்டின் மாடல் பெயரில் இருக்கிற எண், அவ்வளவுதான். 67 மி.மீ. திருகு ஹுட் வாங்கிவிட்டு, அதை மாட்ட ஒரு அடாப்டர் ரிங்கையும் வாங்கின மகானுபாவர் ஒருவரை எனக்குத் தெரியும். எனவே லென்ஸின் முழுப்பெயர், ஹுட்டின் முழுப்பெயர், கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் இனிஷியல் பார்க்கிற மாதிரி. நல்லவேளை, அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசு கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது 350 ரூபாய். மாட்டியது. 'க்ளிக்' என்ற சத்தம்தான் வரவில்லை. பரவாயில்லை என்று விட்டேன். இந்த ஹுட் பூவிதழ் மாதிரி வெட்டின வகை இல்லை, நேர் குழாய். அதனால் லேசாகத் திரும்பினாலும் படத்தின் மூலையில் ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தில் சிங்கட் கோட்டைக்குப் போனேன். மதில் ஓரமாகக் குனிந்து ஒரு சிலந்தியை எடுக்கும்போது, ஹுட் மட்டும் தனியாகக் கழன்று, ஒரு முறை குதித்து, பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிற்று. சிவாஜி மகராஜின் படைகள் ஏறி வந்த கோட்டையில் என் 350 ரூபாய் இறங்கிப் போனது. பக்கத்தில் பிட்லா பாக்ரி விற்கிற அம்மாள் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

மூன்றாவது ஜேஜேசி எல்எச்-67. 420 ரூபாய். மாட்டித் திருப்பியதும் அழுத்தமாக ஒரு 'க்ளிக்'. தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. பையில் வைக்கும்போது திருப்பிப் போட்டும் மாட்ட முடிகிறது. போதும், இதுதான் வேண்டும் என்று தோன்றியது.

ஆக 350-ம் 420-ம் சேர்த்து 770. "அதான் மூணு தடவை அலைஞ்சிருக்கீங்களே, நேரத்துக்கு விலை இல்லையா?" என்று நகைக்கடை நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆன்லைனில் ஹுட் தேடாவிட்டால் நான் என்ன சாஃப்ட்வேரா எழுதியிருக்கப் போகிறேன், தூங்கியிருப்பேன்.

வாங்கினதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைச் சுவரையோ மேகம் மூடிய வானத்தையோ ஹுட்டோடு ஒரு படம், ஹுட் இல்லாமல் ஒரு படம். எஃப்/2.8-ல் ஒரு ஜோடி, எஃப்/16-ல் ஒரு ஜோடி. ஃபோகஸைத் தூரத்தில் வைத்தும், கிட்டத்தில் வைத்தும். பக்கத்தில் பக்கத்தில் போட்டு நாலு மூலையைப் பாருங்கள். ஹுட் போட்ட படத்தில் மட்டும் மூலை இருட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் கேமரா சின்ன சென்சார் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஃபுல் ஃபிரேம்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உள்பக்கம் பளபளப்பாக இருந்தால்? விலை குறைந்த ஹுட்களில் இதுதான் உண்மையான குறை, ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சத்தைத் தடுக்க வேண்டியதே கண்ணாடி மாதிரி அதை உள்ளே திருப்பிவிட்டால் எதற்கு அந்த ஹுட்? என்னுடையதும் கொஞ்சம் மினுங்கியது. அப்பா பல்வந்த் சௌக் ஸ்டேஷனரி கடையில், பிள்ளைகளின் கிராஃப்ட் வேலைக்கு விற்கிற கறுப்பு வெல்வெட் பேப்பர் ஒரு தாள் வாங்கி, அளவெடுத்து வெட்டி உள்ளே ஒட்டினேன். பெரியவள்தான் ஒட்டித் தந்தாள், என் விரல் உள்ளே போகவில்லை.

எந்த ஹுட் என்பதற்கு முன்னால், ஹுட் வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சில மேக்ரோ லென்ஸ்களுக்கு வேண்டாம்தான். பழைய மைக்ரோ நிக்கார் 55 எஃப்/2.8 வைத்திருப்பவர்கள் லென்ஸை எட்டிப் பாருங்கள், முன் கண்ணாடி கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி ஆழத்தில் இருக்கும். பழைய டாம்ரான் 90-ம் அப்படித்தான். லென்ஸ் தனக்குத்தானே ஹுட். என் 100-ல் கண்ணாடி அவ்வளவு ஆழத்தில் இல்லை, அதனால் வேண்டியிருக்கிறது.

அதே சமயம் நிஜமான மேக்ரோ எடுக்கும்போது, அதாவது பூச்சியை ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும்போது, நான் ஹுட்டைக் கழற்றி வைத்துவிடுவேன். அந்த அளவில் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் 15 செ.மீ. தான் இருக்கும். ஹுட்டை மாட்டினால் அந்த இடத்தில் பெரும்பங்கை அதுவே சாப்பிட்டுவிடும். பூச்சி மேல் நிழல் விழும், கேமரா மேலேயே இருக்கிற ஃபிளாஷைப் போட்டால் பாதிப் படம் பிறை மாதிரி இருட்டாகும், அதற்கும் முன்னால் பூச்சி பறந்துவிடும். இதற்காகத்தான் 58 மி.மீ. ரப்பர் ஹுட் ஒன்றும் பையில் வைத்திருக்கிறேன், 180 ரூபாய். மடக்கிவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. காத்ரஜ் பாம்புப் பண்ணையில் இது பெரிய உபகாரம் செய்தது. ரப்பர் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து அழுத்திவிட்டால் நம் சட்டையின் பிம்பம் படத்தில் விழாது. 2,600 ரூபாய் ஒரிஜினலால் இதைச் செய்ய முடியாது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

திருகு போட்ட மெட்டல் ஹுட் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் எங்காவது இடித்தால் இடி நேராக ஃபில்டர் மரையில் இறங்கும். மரை நசுங்கினால் ஹுட்டும் வராது, ஃபில்டரும் ஏறாது. ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி வெளியே நீளுகிற லென்ஸ் என்றால் இன்னும் மோசம், அந்த நீளுகிற குழாயின் நுனியில் போய்க் கனத்தைத் தொங்கவிடுகிறோம்.

இதெல்லாம் வெளிச்சக் கணக்கு. இனி சொல்வதற்குத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

போன செப்டம்பரில் காஸ் பட்டாருக்குப் போனோம். சாத்தாராவிலிருந்து 25 கிலோமீட்டர் மேலே. செம்புரைக்கல் மேடு, மண் என்று பெயருக்கு ஒரு படலம். மழை முடிகிற நேரத்தில் அதில் பூக்கிற பூவைப் பார்க்க மகாராஷ்டிராவே திரண்டு வரும். 2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த இடமும் சேர்ந்தது. ஊதா நிறத்தில் தரை முழுக்க விரிக்கிற பூ ஒன்று உண்டு, இங்கே 'சீதேச்சி ஆசவே' என்பார்கள், சீதையின் கண்ணீர். விரல் நகம் அளவுப் பூ, அதுவும் பூச்சி பிடிக்கிற செடி. பக்கத்திலேயே திரோசெரா, ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசைத் துளி, வெயில் பட்டால் சர விளக்கு. பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் பூச்சி தின்னும் செடிகள் என்று பிராஜெக்ட். அவளே எடுக்க வேண்டும் என்றாள். கேமராவைக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

மாட்டிவிட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கே போகிற வழியெல்லாம், டோல் கேட்டில், டீக்கடையில், பார்க்கிங்கில், "பாத்து, லென்ஸ் மட்டுமே அவ்வளவு ரூபாய், பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. தங்கமணிக்கு இருக்கிறது.

தூறல். ஹுட் இருந்ததால் முன் கண்ணாடியில் துளி விழாமல் பதினைந்து இருபது படங்கள் நன்றாகவே வந்தன. பாதையிலிருந்து திரும்பும்போது பாசி பிடித்த பாறையில் அவள் கால் வழுக்கியது. முன்பக்கமாக விழுந்தாள். முழங்கால் கல்லில், கேமரா கழுத்து வாரோடு ஆடிப் போய்ப் பக்கத்துக் கல்லில். 'டொக்' என்று ஒரு சத்தம். நான் ஓடிப் போவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முழங்காலிலிருந்து ரத்தம் சாக்ஸ் வரைக்கும் வழிகிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. கேமராவை மடியில் வைத்துத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, "அப்பா, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலப்பா, ஹுட் மட்டும்தான் உடஞ்சிருக்கு, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகை அதற்குத்தான், காலுக்கு இல்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காலைக் கழுவினோம். சாத்தாராவில் டெட்டால், பேண்டேஜ், ஒரு வடா பாவ்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹுட் இரண்டாகப் பிளந்திருந்தது. வெல்வெட் பேப்பர் மட்டும் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. லென்ஸின் முன் விளிம்பில் கீறல்கூட இல்லை, ஃபோகஸ் முன்போலவே ஓடுகிறது.

மறுநாள் ஆபீஸில் கதையைச் சொன்னேன். நகைக்கடை நண்பர், "ஒரிஜினலா இருந்தா ஹுட்டே உடஞ்சிருக்காது" என்றார். இருக்கலாம். நான் கல்லில் இரண்டையும் மோதிப் பார்க்கவில்லை. உடையாமல் இருந்திருந்தால் அந்த அடி லென்ஸுக்குள் போயிருக்குமோ என்று நான் கேட்டேன், அதற்கு அவரிடமும் பதில் இல்லை. இன்னொருவர் யூவி ஃபில்டர் போடச் சொன்னார். நான் போடுவதில்லை. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது இன்னொரு கண்ணாடியைச் சேர்ப்பது வெளுப்பைக் கூலி கொடுத்துக் கூப்பிடுகிற வேலை. அடிபட்டு நொறுங்கினால் அந்தச் சில்லே லென்ஸைக் கீறவும் கூடும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். 2,600 ரூபாய் ஹுட் மாட்டியிருந்தால் போகிற வழியெல்லாம் நான் அந்தத் தொகையையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. விருதுநகரில் எங்கப்பா வாங்கித் தந்த ஜியோமெட்ரி பாக்ஸின் விலை இன்று வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது, அதில் போட்ட ஒரு கணக்கும் நினைவில்லை.

அன்று ராத்திரியே அதே ஹுட் இரண்டு ஆர்டர் போட்டேன். ஒன்று லென்ஸில், ஒன்று பையில். இரண்டும் வந்ததும், உடைந்ததிலிருந்து வெல்வெட் பேப்பரை உரித்து எடுக்கப் பார்த்தோம், வரவில்லை. திரும்ப அப்பா பல்வந்த் சௌக் போய் ஒரு தாள் வாங்கி வந்தோம். பெரியவள் ஒட்டிவிட்டு, ஒரு ஹுட்டின் வெளிப்பக்கம் வெள்ளை மார்க்கரில் தன் பெயரை எழுதினாள். "இது என்னோடது, உடைஞ்சா நான்தான் பொறுப்பு" என்றாள். "உடைஞ்சா இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

அடுத்த வாரம் அவளே கேமராவை எடுத்துக்கொண்டு கீழே சொசைட்டித் தோட்டத்துக்குப் போனாள். நான் பால்கனியிலிருந்து ஒரு முறைதான் எட்டிப் பார்த்தேன். சரி, இரண்டு முறை.